ஓட்டு இல்லை என்று யார் சொன்னது?
ஜொகூர் வாக்காளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தடைகளும் அவற்றைத் தாண்டும் வழிகளும்

தேர்தல் பற்றிப் பேச்செடுத்தால் நம் மக்களில் சிலர் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். "நான் உள்ளே இருந்துட்டு வந்தவன், எனக்கு எங்க ஓட்டு?" என்பார் ஒருவர். கடன் கட்ட முடியாமல் திவாலானவர், தன் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனையில் மாதாமாதம் மருந்து வாங்கும் அக்காவை, வாக்களிப்பு நாளன்று வீட்டில் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் காரில் ஏறிவிடுவார்கள். இந்த மூவருக்கும் ஓட்டு உண்டு. இவர்கள் வாக்களிப்பதைத் தடுக்கும் சட்டம் மலேசியாவில் இல்லை.

அதனால் இந்த அத்தியாயத்தில் முதலில் சட்டம் யாரைத் தடுக்கிறது என்று பார்ப்போம். அந்தப் பட்டியல் சிறியது. அதற்கு வெளியே நின்று ஓட்டை இழப்பவர்கள்தான் அதிகம். பத்திரம் இல்லாமல், பழைய முகவரியோடு, சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்தபடி இழக்கிறார்கள். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அவர்களுக்கானது.

சட்டம் சொல்லும் தடை

கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது விதிதான் இதற்கு அடிப்படை. 18 வயது நிறைந்த குடிமகன், தான் வசிக்கும் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். அந்த விதியின் தடை மூன்று வகையினருக்கு மட்டுமே. சிறைத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர். மனநிலை பாதிப்பின் பேரில் அடைத்து வைக்கப்பட்டிருப்பவர். மரண தண்டனையோ 12 மாதத்துக்கு மேற்பட்ட சிறைத் தண்டனையோ விதிக்கப்பட்டு, அதை இன்னும் அனுபவிக்க வேண்டிய நிலையில் இருப்பவர். மூன்றாவது வகை சற்றுச் சிக்கலானது. தண்டனை விதிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தண்டனை முடிந்து வெளியே வந்த நாளிலிருந்து இந்தத் தடை இல்லை. பலரைக் குழப்புவது வேட்பாளருக்கான விதி. ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்பதும், திவாலானவர் அந்தப் பதவிக்கு வர முடியாது என்பதும் 48ஆவது விதி. அது தேர்தலில் நிற்பவர்களுக்கு. வாக்களிப்பவருக்கு அது பொருந்தாது.

மனநலம் பற்றிய தடையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டம் பார்ப்பது நோயை அல்ல, ஒருவர் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாரா என்பதை. வீட்டிலிருந்து மருந்து எடுப்பவர், சிகிச்சை முடிந்து திரும்பியவர், மறதி நோய் தொடங்கியிருக்கும் தாத்தா ஆகிய எவரையும் "உங்களுக்கு ஓட்டு வேண்டாம்" என்று சொல்ல வீட்டாருக்கு உரிமை இல்லை. அவர்கள் போக விரும்பினால் அழைத்துப் போங்கள்.

இனி, என் மனத்தை உறுத்தும் ஒன்று. தடுப்புக் காவலில் இருப்பவர், ஜாமீன் கட்ட முடியாமல் விசாரணைக் கைதியாக இருப்பவர் ஆகியோர் எந்தத் தண்டனையும் பெறாதவர்கள். 119ஆவது விதி அவர்களின் ஓட்டை எடுக்கவில்லை. ஆனால் சிறைக்குள் அவர்களுக்கு வாக்குச் சாவடி கிடையாது; அஞ்சல் வாக்கும் கிடையாது. காவலில் இருக்கும் இடத்தை அவரது வசிப்பிடமாகக் கொள்ளக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆகப் பெயர் ஒரு தொகுதியில் இருக்கும், ஆள் சிம்பாங் ரெங்கத்தில் இருப்பார். ஜொகூர் தமிழர்களுக்கு இந்த ஊர்ப் பெயரை விளக்க வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையே இன்றிப் பிடித்து வைக்கப்பட்ட இளைஞர்களில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். அந்தச் சட்டம் இப்போது இல்லை. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் வேறு சட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவில் சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது என்ற தடை இன்னும் கடுமையானது. விசாரணைக் கைதியையும் அது விடுவதில்லை. ஆனாலும் தடுப்புக் காவலில் உள்ளவர்களுக்கு அங்கே அஞ்சல் வாக்கு உண்டு. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரின் ஓட்டைச் சாவடி இல்லாத காரணத்தால் இழக்க வைப்பது நியாயமே இல்லை. இதை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள்.

இன்னொரு தடையைப் பலர் அறிவதில்லை. 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஊழல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் 5 ஆண்டுகளுக்கு வாக்காளராகப் பதியவோ வாக்களிக்கவோ முடியாது. கடைசி இரவில் கதவைத் தட்டி நீட்டப்படும் உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பத்திரம் இல்லாதவர்கள்

நிரந்தரவாசியின் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு ஓட்டு இல்லை. தற்காலிகவாசியின் பச்சை அட்டைக்கும் இல்லை. எந்த அட்டையும் இல்லாதவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓட்டு குடியுரிமையோடு கட்டப்பட்டது. நம் சமூகத்தில் ஓட்டு இழந்தவர்களின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1955ஆம் ஆண்டு மலாயாவின் முதல் பொதுத் தேர்தலில் பதிவான சுமார் 12.8 லட்சம் வாக்காளர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். தோட்டம் தோட்டமாகத் தமிழர்கள் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் குடியுரிமை பெற்றிருந்தவர்கள் கொஞ்சம் பேரே. இலங்கையில் மலையகத் தமிழருக்கு நடந்ததும் இதே வழிதான்: 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம், லட்சக்கணக்கானோரின் ஓட்டு போயிற்று. அவர்கள் அதை முழுமையாகத் திரும்பப் பெற அரை நூற்றாண்டு பிடித்தது.

ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்த பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். பிறப்பைப் பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை. தோட்டம் வீட்டுமனையாக மாறி, கிராணி எழுதிய பேரேடும் போய்விட்டது. பாட்டி இன்னமும் சிவப்பு அட்டையோடு இருக்கிறார். 2018இல் அரசாங்கம் 60 வயதைக் கடந்த 3,407 இந்திய நிரந்தரவாசிகளுக்குக் குடியுரிமை வழங்குவதாக அறிவித்தது. அறிவிப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்களே முயலுங்கள்.

மெர்டேக்காவுக்கு முன், அதாவது 31 ஆகஸ்டு 1957க்கு முன், இந்த நாட்டில் பிறந்தவருக்கு அரசியலமைப்பின் 16ஆவது விதி வழி தருகிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டாவது இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் மொழியில் தொடக்க நிலை அறிவு போதும். வெளியே பிறந்து வந்தவர்களுக்கான 19ஆவது விதி இதைவிடக் கடினம்: 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும், போதுமான மலாய் அறிவும் கேட்கும். பாட்டி இங்கே பிறந்தவர் என்று காட்ட முடிந்தால் முதல் வழியில் போவது எளிது. அதற்காகத்தான் பழைய காகிதங்களைத் தேடச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, அம்மை குத்திய அட்டை, தோட்டச் சம்பளச் சீட்டு, குடிமக்களின் நீல அட்டை வைத்திருக்கும் உடன்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம், தேவாலய ஞானஸ்நானப் பதிவு என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு பள்ளிச் சான்றிதழ் சில சமயம் முழு விண்ணப்பத்தையும் தூக்கி நிறுத்தும்.

அடுத்த தலைமுறைக்கான சிக்கல் வேறு மாதிரி. 1 மார்ச் 1982 முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதியப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட திருமணத்தில் பிறக்கும் பிள்ளையைச் சட்டம் தாயின் நிலையைக் கொண்டே பார்க்கிறது. அப்பா நீல அட்டைக்காரர், அம்மா இந்தோனேசியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வந்தவர், திருமணம் பதியப்படவில்லை என்றால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்லாதவர்) என்று விழுந்துவிடும். அப்பாவின் குடியுரிமை அந்தப் பிள்ளைக்கு வராது. பெற்றோர் பின்னால் போய்ப் பதிந்தாலும் பிறந்தபோது இருந்த நிலை தானாக மாறிவிடாது. 15A விதியின்கீழ் விண்ணப்பிக்கலாம்; 21 ஆக இருந்த அதன் வயது வரம்பை 2024ஆம் ஆண்டுத் திருத்தம் 18 ஆகக் குறைத்தது. முடிவு உள்துறை அமைச்சர் கையில். வரம்பைத் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். பிள்ளைக்கு 12 வயதில் அட்டை எடுக்கப் போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது. இன்றே பிறப்புப் பத்திரத்தை எடுத்து, குடியுரிமை பற்றிய இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்க வழி செய்தது. அது நல்ல மாற்றம். ஆனால் அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு இருந்த தானியங்கி உரிமையை எடுத்துவிட்டது. சிவப்பு அட்டைக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோர் அட்டை மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் இனி பிள்ளைகளும் பாதிக்கப்படுவார்கள்.

இந்த வேலைக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஜொகூர் பாருவில் இருக்கிறது. நாடற்ற இந்தியர்களுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவரும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா அமைப்பையும் அணுகலாம். காசு கேட்டு "முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகர்களிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பெயர் இருக்கிறது, ஆனால் எங்கே?

2019 ஜூலை 16ஆம் தேதி, மக்களவையில் 211 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆனது, பதிவு தானியங்கியானது. அப்போது இளைஞர் அமைச்சராக இருந்த மூவார் உறுப்பினர் சைட் சாடிக் முன்னின்றார். அவருக்கு முன்பே தர்மா பிள்ளையும் கைரா யுஸ்ரியும் தொடங்கிய உண்டி18 இயக்கம் அதற்காக ஓடியாடி வேலை செய்தது. நிறைவேறிய சட்டம் உடனே நடப்புக்கு வரவில்லை. 2021 மார்ச்சில் தேர்தல் ஆணையம், 2022 செப்டம்பருக்குப் பிறகே முடியும் என்றது. இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பர் 3ஆம் தேதி கூச்சிங் உயர் நீதிமன்றம், அந்த ஆண்டு முடிவுக்குள் அமல்படுத்த உத்தரவிட்டது. டிசம்பர் 15ஆம் தேதி சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் பலனை முதலில் கண்ட மாநிலத் தேர்தல் நம்முடையது: 2022 மார்ச் 12, ஜொகூர். பட்டியலில் 25,97,742 பேர்.

தானியங்கிப் பதிவு வந்ததால் பதியாமல் விட்டுப்போகும் குறை தீர்ந்தது. ஆனால் தேசியப் பதிவிலாகாவில் உங்கள் மைகார்டு முகவரி எதுவோ, அந்தத் தொகுதியில்தான் பெயர் விழும். இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்து மாசாயிலும் ஸ்கூடாயிலும் தாமான் வீட்டில் குடியேறிப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அட்டையில் இன்னும் 'லாடாங்' (தோட்டம்) என்றே இருக்கிறது. வாக்களிக்க வேண்டுமென்றால் குளுவாங் வரை போக வேண்டும். பலர் போவதில்லை.

இப்படிச் செய்யுங்கள். கைத்தொலைபேசியில் தேர்தல் ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் செமாக்' பக்கத்தைத் திறந்து 12 இலக்க அடையாள அட்டை எண்ணைத் தட்டுங்கள். பெயர், பிறந்த தேதி, அதன் கீழே குடியிருப்புப் பகுதி, வாக்களிப்பு வட்டாரம், சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத் தொகுதி வரும். முதல் வரியில் பெயரைப் பார்த்ததும் "இருக்கு, இருக்கு" என்று தொலைபேசியை மூடிவிடாதீர்கள். 'லொக்காலிட்டி' என்ற வரிதான் முக்கியம். நீங்கள் குடியிருக்கும் தாமானின் பெயர் அங்கே இருக்கிறதா?

இல்லையென்றால் இரண்டு படி. முதலில் பதிவிலாகாவில் மைகார்டு முகவரியை மாற்ற வேண்டும். வீடு மாறினால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. அதோடு நிற்கக்கூடாது. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவருக்கு, அட்டை முகவரி மாறியதும் தொகுதி தானாக மாறாது. 'மைஎஸ்பிஆர் டாஃப்தார்' வழியாகவோ ஆணையத்தின் மாநில அலுவலகத்திலோ தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் படியை முடித்து இரண்டாவதை விட்டவர்கள் நிறையப் பேர்.

இதைத் தேர்தல் வரட்டும் என்று வைத்திருந்தால் நடக்காது. சட்டமன்றம் கலைந்தபின் செய்யும் மாற்றம் அந்தத் தேர்தலுக்குச் சேராது. 2022இல் ஜொகூர் சட்டமன்றம் ஜனவரி 22ஆம் தேதி திடீரெனக் கலைந்தது. அதன் பின் முகவரி மாற்ற ஓடியவர்களுக்குப் பயனில்லை. துணைப் பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும்போதே பெயர் விடுபட்டிருந்தால் உரிமை கோரலாம், தவறான பெயர் இருந்தால் ஆட்சேபிக்கலாம். பட்டியல் உறுதி செய்யப்பட்டு அரசிதழில் வந்துவிட்டால், 1958ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத்தின் 9A பிரிவு குறுக்கே நிற்கும். நீதிமன்றத்தில்கூட அதைக் கேள்வி கேட்க முடியாது. சபாவின் லிக்காஸ் தொகுதித் தேர்தலைப் போலி வாக்காளர்கள் காரணமாக நீதிமன்றம் 2001இல் ரத்து செய்த பிறகு கொண்டுவரப்பட்ட பிரிவு அது. போலிப் பெயர்களைக் களைவதற்குப் பதில் கேள்வியை அடைத்தார்கள். இது திருத்தப்பட வேண்டிய சட்டம் என்பது என் உறுதியான கருத்து. திருத்தப்படும்வரை, பட்டியல் உறுதியாவதற்கு முன் பார்ப்பதே ஒரே காப்பு.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

வெளிநாட்டில் வாழும் மலேசியர்களுக்கு 2013 முதல் அஞ்சல் வாக்கு உண்டு. லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் ஜொகூர்க்காரர் விண்ணப்பித்து அங்கிருந்தே ஓட்டை அனுப்பலாம். சிங்கப்பூர், புருணை, கலிமந்தான், தெற்குத் தாய்லாந்தின் எல்லை மாநிலங்கள் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு அந்த வசதி தரப்படவில்லை. பக்கத்தில்தானே இருக்கிறார்கள், வந்து போட்டுவிட்டுப் போகட்டும் என்பது காரணம். 2022இல் நடந்த மாநிலத் தேர்தலுக்கும், நவம்பர் 19ஆம் தேதிப் பொதுத் தேர்தலுக்கும் இதே விதிதான்.

பக்கம் என்பது வரைபடத்தில். 2022 மார்ச்சில் எல்லை பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டில் இருந்தது. குறிப்பிட்ட பேருந்துகளில், முன்பதிவு செய்த இருக்கையில்தான் பாலத்தைக் கடக்க முடிந்தது, இருக்கைகளுக்கு வரம்பு. உட்லண்ட்ஸிலிருந்து தன் வீட்டு மாடியைப் பார்க்கும் தூரத்தில் இருந்த தொழிலாளிக்கு அஞ்சல் வாக்கும் இல்லை, பேருந்தில் இடமும் இல்லை. வாக்களிப்பு மார்ச் 12. எல்லை முழுமையாகத் திறந்தது ஏப்ரல் 1. அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 55 விழுக்காடு. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதியவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. சட்டமன்றம் கலைந்ததும் அஞ்சல் வாக்கு பற்றிய ஆணையத்தின் அறிவிப்பைப் படியுங்கள். விதி மாறியிருந்தால் விண்ணப்பக் காலம் சில நாள்களே இருக்கும். தேதி அறிவித்த அன்றே முதலாளியிடம் விடுப்பு சொல்லிவிடுங்கள். மலேசிய முதலாளி, வாக்களிக்கத் தேவையான நேரத்தைச் சம்பளப் பிடித்தம் இன்றித் தர வேண்டும் என்று நம் தேர்தல் குற்றச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சிங்கப்பூர் முதலாளியை அது கட்டுப்படுத்தாது. வாக்களிப்பு நாள் காலையில் பாலத்தில் நிற்பதைவிட முந்தின இரவே கடந்து வந்துவிடுவது மேல்.

சாவடியில்

மைகார்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்திருந்தால் பதிவிலாகா தரும் தற்காலிகச் சீட்டோடு போகலாம். 'சாலுரான்' (வாக்களிப்பு வரிசை) எண்கள் வயதுப்படி. மூத்தவர்களுக்கு முதல் எண். பார்வை இல்லாதவர், உடல் குறையால் தானே குறியிட முடியாதவர், நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். சாவடித் தலைவரிடம் அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும். உடன் போகிறவர் அவர் சொன்ன இடத்தில் குறியிட வேண்டும், தன் விருப்பத்தில் அல்ல. அதை வெளியில் சொல்லவும் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவரை மாடிக்கு அனுப்பினால், கீழே வாக்களிக்க ஏற்பாடு செய்யும்படி தலைவரிடம் கேளுங்கள். திரும்பிப் போய்விடாதீர்கள்.

யாராவது "உங்களுக்கு ஓட்டு இல்லை" என்று சொன்னால், எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் உங்கள் எண்ணையும், வீட்டில் 18 தாண்டிய எல்லாருடைய எண்ணையும் செமாக் பக்கத்தில் தட்டி, 'லொக்காலிட்டி' வரியைப் படித்துவிடுங்கள்.